பத்து நாள் கோடை மக்தப்: மகனை அனுப்பிப் பார்த்ததில்

கோடை லீவில் பத்து நாள் மக்தப் (பிள்ளைகளுக்கான மார்க்க வகுப்பு), ஒழுக்கப் பயிற்சி என்று வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் போர்டில் எழுதியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த மகனைச் சேர்த்துவிட்டேன். கட்டணம் கிடையாது, நோட்டு மட்டும் நாம் வாங்கித் தர வேண்டும். மதுரையில் இந்த மாதிரி வகுப்புகள் நிறைய நடக்கின்றன. பெரும்பாலும் சூரா (குர்ஆன் அத்தியாயம்), துஆ (பிரார்த்தனை) மனப்பாடத்தோடு முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை.

இரண்டாம் நாள், மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத் பிள்ளைகளைப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுள் பக்கம் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, இதிலேயே ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யுங்கள் என்றிருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்ததாக புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் கொள்கிற அளவைத்தான் முத்து என்பார்கள். முதல் தடவை பாதிப் பேருக்குக் காலுக்கு வருமுன்பே பாட்டில் காலி! மூன்றாம் நாள் என் மகன் நாலு விரல் தண்ணீர் மிச்சம் பிடித்து, வாசல் வேப்பங்கன்றுக்கு ஊற்றியிருக்கிறான். அன்று மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) வீட்டில், "அத்தா, குழாயைக் கொஞ்சமாத் திறங்க" என்றான். என் வீட்டுக்காரரும் பேசாமல் திருகிக் குறைத்தார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தவள் நான். மனசு நிறைந்துவிட்டது.

ரிட்டயரான வாத்தியார் ஒருவர் ஒரு நாள் அரசியலமைப்பில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவை நடத்தினார். 1976-இல் 10 கடமைகள், 2002-இல் பதினொன்றாவது சேர்ந்தது. பொதுச் சொத்தைக் காப்பது அதில் ஒன்று. பாதையில் கிடக்கிற தொல்லையை அகற்றுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்ற ஹதீஸையும் கூடவே சொல்லி, "டவுன் பஸ் சீட்டைக் கிழித்தால் யார் காசு போகிறது?" என்று கேட்டாராம். அப்புறம், செய்தி வந்தால் விசாரியுங்கள் என்கிற, குர்ஆனின் ஹுஜுராத் சூராவின் 6-ஆவது வசனம். இப்போது வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் "யார் சொன்னது?" என்கிறான்.

குறையும் உண்டு. மாடியில் தகரக் கூரை, ஒரே ஃபேன், நேரமோ பதினோரு மணி முதல் ளுஹர் (நண்பகல் தொழுகை) வரை. பிள்ளைகள் வெந்துபோனார்கள். அதைவிட, பெண் பிள்ளைகளுக்கு ஐந்தே நாள், அதுவும் மனப்பாடம் மட்டும். என் மகளுக்கு அந்தப் பாட்டிலும் கிடைக்கவில்லை, 51ஏ-யும் கிடைக்கவில்லை. கேட்டால் இடம் இல்லை என்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆண் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம். பெண் பிள்ளைகளுக்கும் பத்து நாள் வேண்டும் என்று எங்கள் தெரு அம்மாக்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.