கைபேசிப் பாடமா, சுழற்சி வகுப்பா?

கொரோனா தொற்றால் தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் 18 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 8 முதல் அரசுப் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரே கேள்வி: பிள்ளையை அனுப்புவதா, வீட்டில் வைத்தே படிக்கவைப்பதா?

கைபேசிப் பாடத்தில் தொற்று பயம் குறைவு. பாட்டி தாத்தாவோடு வாழும் வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் டேட்டா விலை கட்டுப்படியாகவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பினால் வீட்டின் ஒரே கைபேசியும் அவரோடு போய்விடும். தொலைக்காட்சிப் பாடம் இலவசம்தான். சந்தேகம் கேட்க முடியாதே.

சுழற்சி முறையில் பாதி வகுப்பு இன்று, மீதி வகுப்பு நாளை. நெரிசலான வகுப்பறைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பல பள்ளிகளில் 2022 தொடக்கம் வரை இது நீடித்தது. பாடத்தில் பாதி போயிற்று, உண்மை. இருந்தும் ஆசிரியரின் முகம் கிடைத்தது. 90 லட்சம் பிள்ளைகள் நம்பியிருந்த பள்ளிச் சாப்பாடு நின்றுபோனதை நினைக்கும்போதுதான் என் மனம் கொதிக்கிறது. வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் உணவு தரவேண்டும் என்று 2020 ஜூலையில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது!

எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் சிறுவர்களுக்குச் சுழற்சி வகுப்பே மேல் என்பேன். வீட்டில் நோயாளி இருந்து, சொந்தக் கைபேசியும் உள்ள 12-ஆம் வகுப்பு மாணவர் மட்டும் கைபேசிப் பாடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.