சைடு பேக்: இடது பைக்கு முழு மார்க், வலது பைக்கு முட்டை

ஸ்ப்ளெண்டருக்கு ஒரு ஜோடி சைடு பேக் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. 1,850 ரூபாய், சீட்டுக்குக் குறுக்கே வெல்க்ரோ பட்டை போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற ரகம். திருநெல்வேலி பேட்டையில் ஆரம்பித்து தென்காசி ரோட்டில் ஆலங்குளம் வரைக்கும் கடைகளுக்கு முறுக்கு, சீவல் போடுகிறவன் நான். தினமும் மாட்டுகிறேன், கழற்றுகிறேன், மழையிலும் ஓட்டுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் இன்னும் ஒரு இடத்தில்கூட விடவில்லை. ஜிப் சிக்கவில்லை. மழைக்கு மேலுறை தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே இருந்த முறுக்கு நமுத்துப்போகவில்லை. முன்பெல்லாம் சீட்டு மேலேயே மூட்டை கட்டுவேன், வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். இப்போது பாரம் கீழே இறங்கிவிட்டதால் அந்த ஆட்டம் இல்லை.

பிரச்சினை எல்லாம் வலது பையில்தான். சைலன்சர் அந்தப் பக்கம். முதல் வாரமே வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது ரப்பர் கருகுகிற மாதிரி வாடை, யார் வண்டியோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், கடைசியில் என் வண்டிதான். பையின் அடி சைலன்சரில் ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு உருகியிருந்தது. பாரம் ஏற ஏற பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் அமுங்குகிறது, குழியில் விழும்போது பை ஆடிப்போய் சூட்டில் உரசுகிறது. "ஹீட் ப்ரூஃப்" என்று அட்டையில் போட்டிருந்ததே என்று விற்றவருக்குப் படம் அனுப்பினேன். மாட்டிய விதம் தப்பு என்று பதில் வந்தது. சரி, எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு தாளாவது உள்ளே வைத்திருக்கலாமே!

அப்புறம் என் தப்பும் ஒன்று உண்டு. மழை நாளில் வண்டியை வீட்டு நடையில் ஏற்றி, சோக் போட்டு ஓடவிட்டபடியே வலது பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து பொட்டலம் அடுக்குவேன். முகம் சரியாகப் புகைக்குழாய் உயரத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாள் தலைவலி, குமட்டல், காபி குடிக்காததால் என்று நினைத்துக்கொண்டேன். மெக்கானிக்தான் என்ஜின் பக்கம் சைலன்சர் சேருகிற இடத்தில் கரி படிந்திருப்பதைக் காட்டினார், இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் வளையம் போய் அங்கேயும் புகை கசிந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நமக்கு மூக்கில் ஏறுவது கூட வருகிற மற்ற சமாச்சாரம். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. மூடின இடமென்றால் ஆளையே சாய்த்துவிடும். இப்போது பை நிரப்பி, வண்டியைத் தெருவில் இறக்கின பிறகுதான் கிக்கர்.

வலது பக்கத்துக்கு வெல்டிங் கடையில் ஒரு கம்பிச் சட்டம் அடித்து மாட்டினேன், 400 ரூபாய். பை சைலன்சரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது. இதை நிறுவனமே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். பின் ஷாக்கில் விறைப்பைக் கூட்ட ஐந்து படி இருக்கிறதல்லவா, அதை இரண்டு படி ஏற்றி, பின் டயருக்கு இரண்டு பேர் போகும்போது அடிக்கிற அளவு காற்று அடித்தேன். இல்லாவிட்டால் ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது, ஹேண்டிலும் லேசாகிவிடுகிறது. இன்னொன்று, பையை நிறைத்தால் பின் இண்டிகேட்டர் பாதி மறைகிறது. இரண்டு தடவை பஸ்காரர் திட்டினார், நியாயம்தான்.

பெட்டி வைக்கலாமா என்றும் யோசித்தேன். அதற்கு மத்திய அரசு 2020ல் அளவு சொல்லியிருக்கிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, பின் சீட்டில் வைத்தால் ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம். எனக்குச் சாயங்காலம் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும், ஒத்துவரவில்லை.

சைலன்சர் ஓரமாகப் போகிற வண்டி வைத்திருப்பவர்கள் கம்பிச் சட்டத்துக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைத்துவிட்டு இதை வாங்கலாம். உருகி ஒட்டின கறுப்புத் திட்டு என் சைலன்சரில் இன்னும் இருக்கிறது, கத்தியால் சுரண்டியும் போகவில்லை.