தையல் போட்ட புண், திறந்து விட்ட புண்

சமையலறையில் கத்தி பட்ட வெட்டு. விளிம்பு நேராக, சுத்தமாக இருக்கிறது. தையல் போட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மேல்தோல் செல்கள் இரு பக்கமிருந்தும் நகர்ந்து வந்து இடைவெளியை மூடத் தொடங்கிவிடும். முதல் நாள் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு), 3-ஆம் நாள் மேக்ரோஃபேஜ் (கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கும் செல்), 5-ஆம் நாள் புது ரத்தக் குழாய்கள் உச்சத்தில். மருத்துவ மாணவர்களின் வாய்மொழித் தேர்வான வைவாவில் இந்த வரிசையைத்தான் கேட்பார்கள்.

சீழ்க்கட்டியைக் கீறிய குழி வேறு கதை. அதைத் தைப்பது கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவது மாதிரி. திறந்தே விட வேண்டும். அடியிலிருந்து சிவந்த, மணல்மணலான, தொட்டால் ரத்தம் கசியும் திசு எழும்பி வரும். முதன்முறை பார்ப்பவர் புண் மோசமாகிவிட்டது என்று பயப்படுவார். உண்மையில் அது நல்ல அறிகுறி. அப்புறம் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் சுருங்கி, சுருக்குப் பையின் வாயைப் போல விளிம்புகளை உள்ளே இழுக்கும். பெரிய குழிகூட 6 வாரத்தில் பத்தில் ஒரு பங்காகலாம். மூட்டின் மேல் என்றால் இதே சுருக்கம்தான் தொல்லை, விரல் மடங்கியே நின்றுவிடும்.

தையலில் ஆறியது அழகு, சரி. ஆனால் ஒரு வாரத்தில் தையல் பிரிக்கும்போது அந்தக் கோட்டின் வலிமை பழைய தோலில் சுமார் 10 சதவீதம்தான். 3 மாதத்தில் 70-80 வரை ஏறும், முழுதாகத் திரும்பாது. மறுநாளே கேஸ் சிலிண்டர் தூக்கக் கிளம்புபவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.