மடக்குச் சாம்பல் அட்டை: வாங்கலாமா?

ஆஸ்டினில் வார இறுதிகளில் ஹைஸ்கூல் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வெளியில் வைத்து சீனியர் போர்ட்ரெய்ட் எடுக்கிறேன். பையில் எப்போதும் கிடப்பது இருபது டாலர் சொச்சத்துக்கு வாங்கிய இந்தத் துணி அட்டைதான். கேமராவுக்கு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரியாகக் காட்டிக்கொடுப்பது இதன் வேலை. ஒரு பக்கம் 18 சதவீத சாம்பல் (விழும் வெளிச்சத்தில் அவ்வளவைத் திருப்பி அனுப்பும் நிறம்), மறுபக்கம் வெள்ளை.

மரநிழலில்தான் இது கைகொடுக்கும். ஓக் மரத்தடியில் இலை வழியே வரும் வெளிச்சம் தோலில் பச்சையை ஏற்றும். கேமரா தானாகவே நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அரைகுறையாகத்தான் சரிசெய்யும். முகத்தருகே அட்டையைப் பிடிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்து, அதை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் போட்டால் தோல் நிறம் திரும்பிவிடும். புல்லிலிருந்து தாடைக்கு அடியில் ஏறும் பச்சை மட்டும் மிஞ்சும். அதற்கு ஆளை நடைபாதைக்கு நகர்த்துவதே வழி.

கறுப்பு கவுனில் வந்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை வெளுக்கடித்துவிடும். அட்டைமேல் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது) பார்த்து, எக்ஸ்போஷரை மேனுவலில் வைத்துவிடுங்கள். நம்மூர்ப் பெண்ணும் வெள்ளைக்காரத் தோழியும் ஒரே ஃப்ரேமில் நின்றாலும் இருவர் நிறமும் உள்ளபடியே வரும். (மாநிறத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லும் அம்மாக்கள் வேறு கதை.)

பொழுது சாயும் நேரத்தில் மட்டும் இதன் பேச்சைக் கேட்காதீர்கள், பொன் வெயில் மொத்தமும் போய்விடும். நான் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் (பகல் வெளிச்சத்துக்கான அளவு) நிறுத்திவிடுவேன். காற்றில் துணி படபடக்கும். மடிக்கத் தெரியாத அப்பாக்கள் கையில் கொடுக்க வேண்டாம். 12 அங்குல அளவே போதும், வாங்கலாம்.