சௌராஸ்தா மாடியில் ஒரு கட்டு க்ரைம் நாவல்

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்களுக்கு, மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பதே தெரியாது. போன சனிக்கிழமை அங்கே ஒரு கடையில், எஸ்.பி.எம் பள்ளித் தேர்வு வழிகாட்டிகளுக்குப் பின்னால், ரஃபியா கயிற்றில் கட்டிய தமிழ் மாத நாவல்கள் கிடைத்தன. பன்னிரண்டு இதழ், 30 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பேரம் பேசிப் பார்த்தேன். "இப்ப எங்க தம்பி இதெல்லாம் கிடைக்குது" என்று கடைக்கார அண்ணன் அசையவில்லை. சரி, கொடுத்துவிட்டேன்.

பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், மாலைமதி எல்லாம் கலந்து கிடந்தன. பெயருக்குத்தான் பத்திரிகை, உள்ளே ஒரு முழு நாவல். 80களில் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டு கடைகளில் தோரணமாகத் தொங்கும், ஏறும்போது வாங்கினால் இறங்குவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். க்ரைம் எழுத்தாளர் ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல் எழுதித் தள்ளியதற்கு இந்த மாதாந்திரப் பசியும் ஒரு காரணம்.

கட்டைத் தேதிவாரியாக அடுக்கினேன். பழைய இதழ்களில் வாசகர் கடிதங்களே பக்கம் பக்கமாக, துப்பறியும் ஜோடியைச் சொந்தக்காரர் மாதிரி பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அப்புறம் கடிதம் குறைகிறது, கடைசி மூன்று இதழிலும் பழைய நாவலுக்கே புது அட்டை. தமிழ்நாட்டில் 1993-ல் சன் டிவி வந்தது. இங்கே எங்கள் வீட்டில் 1996-ல் ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி வந்ததும், அதில் வானவில் என்ற தமிழ்ச் சேனலைப் பார்க்க உட்கார்ந்த அம்மா புத்தகம் எடுப்பதை விட்டுவிட்டார். யாரும் வேண்டுமென்று கைவிடவில்லை, ராத்திரி எட்டு மணி மட்டும் புத்தகத்திடமிருந்து டிவிக்குக் கைமாறிப் போய்விட்டது.

கடையைப் பற்றிச் சொன்னால், விலை நியாயம்தான், ஆனால் கட்டைப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள், மத்தியானம் வெக்கை தாங்காது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து இரண்டு இதழின் தாள்கள் கையோடு வந்துவிட்டன. இன்னொன்றில் முதல் பக்கத்திலேயே யாரோ புண்ணியவான் நீல மையில் "கொலைகாரன் டிரைவர்" என்று எழுதி வைத்திருக்கிறான்.

அம்மா அதைத்தான் முதலில் எடுத்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "டிரைவர் இல்லடா" என்றார்.