யமஹா டிஎக்ஸ்7: தொட்டவுடன் ஆண்டைச் சொல்லும் கீபோர்டு

1983-இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரை, அதாவது ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கும் கீபோர்டை, சில மாதங்களாக வாசித்து வருகிறேன். முதல் நாள் 'இ.பியானோ 1' என்ற பிரீசெட்டில் (உள்ளேயே தயாராக இருக்கும் மின்-பியானோ ஒலி) ஒரே ஒரு கார்டை, அதாவது சில சுரங்களைச் சேர்த்துப் பிடித்ததுமே, அருகில் இருந்த நண்பர் "எண்பதுகள்!" என்றார். பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் 1967-இல் கண்டறிந்த எஃப்.எம். (அதிர்வெண் பண்பேற்றம்) முறையில் இது ஒலிக்கிறது. ஓர் அலை இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மிக வேகமாக அசைக்கும்போது, மணியையும் கண்ணாடியையும் நினைவூட்டும் மேற்சுரங்கள் பிறக்கின்றன. அலைகளை உருவாக்கும் ஆறு ஆப்பரேட்டர்கள், அவற்றை இணைக்க அல்காரிதங்கள் எனப்படும் 32 அமைப்புகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள் என அக்காலத்துக்கு இது பெரிய வசதிதான். ஆனால் அத்தனை அளவுகளையும் ஒரு சிறிய இரண்டு வரித் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே ஸ்லைடரால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்ததால், பலரும் உள்ளிருந்த ஒலிகளையே அப்படியே வாசித்தார்கள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதே பியானோ, அதே பிராஸ் (டிரம்பெட் போன்ற ஊதுகருவிகளின் ஒலி). இந்த டோனைப் பழசாக்கியது அந்தச் சோம்பல்தான் என்பேன்.

சோதித்துப் பார்த்தேன். அந்த பியானோவில் கட்டையைத் தட்டும் கணத்தில் எழும் 'டிங்' ஒலி, அடிப்படைச் சுரத்தின் 14 மடங்கு அதிர்வெண்ணில் இயங்கும் ஓர் ஆப்பரேட்டரிலிருந்து வருகிறது. அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் 'டிங்' அடங்கி, எந்த ஆண்டையும் சொல்லாத மென்மையான ஓர் ஒலி மிஞ்சுகிறது. விரலை மெதுவாக வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கிறது. கட்டைகள் அழுத்தத்தை உணர்வது இதன் பெரிய பலம். உலோகக் கம்பியைச் சுத்தியல் தட்டும் ரோட்ஸ் என்ற மின்-பியானோ இன்றும் அலுக்காமல் இருப்பதற்கும், தொடுகைக்கேற்ப அதன் ஒலி மாறுவதே காரணம் என்று நினைக்கிறேன். அந்த ரோட்ஸையே பழசு என்று ஒதுக்க வைத்தது டிஎக்ஸ்7 என்பது தனி வேடிக்கை.

குறைகளும் உண்டு. எதிரொலி முதலிய எஃபெக்டுகள் எதுவும் உள்ளே இல்லை. தட்டையான பொத்தான்களை அழுத்தினால் விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. எண்பதுகளின் சாயல் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைப் போல ஒலிக்கும் மென்பொருளே போதுமானது. ஒலியைத் தோண்டித் திருத்தும் பொறுமை இருப்பவர்கள் கருவியையே வாங்கலாம்.

'பிராஸ் 1' ஒலியை மட்டும் என்ன செய்தும் அந்தப் பத்தாண்டிலிருந்து வெளியே இழுக்க முடியவில்லை. அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் திருத்திய பியானோவைச் சேமித்துவிட்டேன்.