நாய், கேச், பப்: விட்பியா, கிராஸ்டரா?

நாய நல்லா நடக்க விடணும், வழியில நாலு ஜியோகேச்சாவது (யாரோ ஒளிச்சு வச்ச டப்பா, நெட்ல இடத்த பாத்து ஜிபிஎஸ்ஸ வச்சு தேடணும்) கண்டுபிடிக்கணும், ஒரு பப்புல கால நீட்டி உக்காந்து ஒரு பைன்ட் பீர் அடிக்கணும். இந்த மூணும் ஒரே நாள்ல வேணும்னா இங்கிலாந்து கடலோரத்துல ரூட்டுக்கு பஞ்சமே இல்ல. ஆனா நாங்க லீட்ஸ்ல இருந்து கிளம்புறதால வீட்ல சண்ட வர்றது ரெண்டே ரூட்டுக்குத்தான்: யார்க்‌ஷயர்ல விட்பியில இருந்து ராபின் ஹூட்ஸ் பே, இல்லன்னா நார்த்தம்பர்லாந்துல கிராஸ்டர்ல இருந்து லோ நியூட்டன். வீட்டம்மா கிராஸ்டர் கட்சி, நான் விட்பி. பக்கோடா (எங்க காக்கர் ஸ்பேனியல்) யார் கையில சாண்ட்விச் இருக்கோ அந்தக் கட்சி. யாரோட ரூட் ஜெயிக்குதோ அவங்கதான் வண்டி ஓட்டணும், அடுத்தவங்க குடிக்கலாம், இது எங்க வீட்டு சட்டம்.

லண்டன் பக்கம் இருக்கவங்க உடனே செவன் சிஸ்டர்ஸ்னு ஆரம்பிப்பாங்க. சீஃபோர்ட்ல ரயில் இறங்கி ஈஸ்ட்போர்ன் வரைக்கும் 13, 14 மைல், வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புப் பாறை, போட்டோவுல அத அடிச்சுக்க ஆளில்ல. நாயோடன்னா யோசிக்கணும். விளிம்புல பெரும்பாலும் வேலி கிடையாது, அடியில கடல் அரிச்சுக்கிட்டே இருக்கு, பெல் டவுட் லைட்ஹவுஸையே 1999ல அப்படியே நகர்த்தி 17 மீட்டர் உள்ள தள்ளி வச்சாங்கன்னா பாத்துக்கங்க. கடல்காக்காய பாத்தா பிரேக் இல்லாம ஓடுற பக்கோடாவ அங்க அவுத்து விட எனக்கு தைரியம் இல்ல. கக்மியர் ஆத்து முகத்துல பாலமும் இல்ல, எக்ஸீட் வரைக்கும் உள்ள சுத்தித்தான் வரணும், அங்க ஒரு பப் இருக்குங்கறது ஆறுதல். அது நாய வீட்ல விட்டுட்டு வர்ற நாளுக்கான ரூட்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ரெண்டு ரூட்டும் தூரத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான். விட்பி–ராபின் ஹூட்ஸ் பே ஒரு வழி 7 மைல் கிட்ட, கிராஸ்டர் போக வர 7, 8 மைல். வித்தியாசம் எல்லாம் பப் எங்க இருக்குங்கறதுலதான். இது கேக்க சில்லறை விஷயம் மாதிரி இருக்கும், நடந்து பாத்தா புரியும்.

விட்பியில 199 படி ஏறி, சர்ச்சையும் இடிஞ்சு நிக்கிற அபியையும் (பழைய மடம்) தாண்டி, சால்ட்விக் கேரவன் பார்க்கையும் விட்டா அப்புறம் கடைசி வரைக்கும் ஒரு பப் கிடையாது, நாக்கு வறண்டுரும். ஓடை வர்ற இடமெல்லாம் படி இறங்கி படி ஏறணும், முட்டி பேச ஆரம்பிச்சுரும். கடைசி மூணு மைல் இருக்கறப்ப கோஸ்ட் டு கோஸ்ட் (இங்கிலாந்த குறுக்க கடக்குற நடைபாதை) நடக்குறவங்க வந்து சேருவாங்க, மேற்குக் கடற்கரை செயின்ட் பீஸ்ல இருந்து 190 மைல் சொச்சம் நொண்டி நொண்டி வந்தவங்க, அவங்களுக்கு வழி விட்டுருங்க. கீழ ராபின் ஹூட்ஸ் பேல, பே ஹோட்டல் பப் வாசல்ல படகு இறக்குற சரிவு, டைட் ஏறுனா தண்ணி அதுல பாதி வரைக்கும் வந்துரும், அவங்க பூட்ஸ கடல்ல நனைச்சுட்டு நேரா பாருக்குள்ள போறத பாத்துக்கிட்டே குடிக்கிற பைன்ட் இருக்கே, அதுக்கு ஈடு கிராஸ்டர்ல கிடையாது. ஒரே தண்டனை, பஸ் ஸ்டாப் ஊருக்கு மேல இருக்கு. ரெண்டு பைன்ட்ட வயித்துல வச்சுக்கிட்டு அந்த செங்குத்து ரோட்ல ஏறி விட்பிக்கு பஸ் புடிக்கறதுக்குள்ள சாமி தெரியும்.

கிராஸ்டர் இதுக்கு நேர் எதிர். அங்க ஹெரிங் மீன புகை போட்டு கிப்பர் ஆக்குறாங்க, அந்த வாசம் தெருவுலயே தூக்கும், ஜாலி ஃபிஷர்மேன் பப் நடக்கறதுக்கு முன்னாடியே கண்ணு முன்னாடி நிக்கும். புல்வெளியில ஒண்ணேகால் மைல் நடந்தா டன்ஸ்டன்பரோ கோட்டை, 1313ல லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்ட ஆரம்பிச்சது. அப்புறம் எம்பிள்டன் பே மணல், அதோட முடிவுல லோ நியூட்டன். மூணு பக்கம் வெள்ளையடிச்ச மீனவர் வீடு, நடுவுல புல்லு, மூலையில ஷிப் இன், சொந்தமா பீர் காய்ச்சுறவங்க. பிரச்சன என்னன்னா அது பாதி வழி. உக்காந்து உடம்பு இளகினப்புறம் எந்திரிச்சு அதே மணல்ல திரும்பி நடக்கணும், மழை வேற வந்துச்சுன்னா கேக்கவே வேணாம். (சமையல் நேரத்த மட்டும் முன்னாடியே பாருங்க. ஒரு பப்புல, எதுன்னு சொல்லல, கிச்சன் மூடி பத்து நிமிஷம் கழிச்சுப் போய் நாங்க மூணு பேரும் ஒரு பாக்கெட் சிப்ஸ பங்கு போட்டோம்.)

நாய்க்கு கேட்டீங்கன்னா கிராஸ்டர்தான், இதுல எனக்கே வாதம் இல்ல. கோட்டை வரைக்கும் ஆடு மாடு மேயுது, அதுவரை கயிறு. அப்புறம் மணல், பக்கோடா வளையம் வளையமா ஓடும். ஒண்ணு மட்டும், கோடையில நியூட்டனத் தாண்டி வடக்க போகாதீங்க, லாங் நேனியில டெர்ன் பறவைங்க தரையிலயே முட்டை வச்சிருக்கும். விட்பி ரூட்ல முக்காவாசி நேரம் பக்கத்துல கிளிஃப், அதனால கயிறுதான், படியில என்ன இழுத்துக்கிட்டே போவான்.

கேச்சுக்கு விட்பி. ஜியோகேச்சிங் தெரியாதவங்களுக்கு: 2000 மே மாசம் அமெரிக்கா சிவிலியன் ஜிபிஎஸ்ல வேணும்னே வச்சிருந்த பிழைய எடுத்துட்டாங்க, அந்த வாரமே ஒரேகான்ல ஒருத்தர் ஒரு வாளிய மறைச்சு வச்சுட்டு இடத்த நெட்ல போட்டார், அங்க ஆரம்பிச்ச விளையாட்டு. ரெண்டு டப்பாவுக்கு நடுவுல 161 மீட்டராவது இருக்கணும்னு விதி. வேலி, கல் சுவரு, கேட், புதர் எல்லாம் இருக்க விட்பி பாதையில ஒளிக்க இடம் ஏராளம், சர்ச் வாசல் பக்கம் குட்டி டப்பாவா வைக்கிற சர்ச் மைக்ரோன்னே நாடு பூரா ஒரு வரிசை உண்டு. மணல் மேட்ல அந்த வசதி இல்ல. போன தடவ எம்பிள்டன்ல முள்ளுப் புதருக்குள்ள இருபது நிமிஷம், "ஏங்க, நாய நடத்த வந்தீங்களா, புதையல் எடுக்க வந்தீங்களா"ன்னு வீட்டம்மா சத்தம். டப்பா கெடச்சுது, விரல் நுனி அளவுதான், கண்டுபிடிச்சவங்க பேர் எழுதணும்னு உள்ள சுருட்டி வச்ச தாள் ஈரம், பேனா எழுதல, அதுக்குள்ள பக்கோடா கடல்ல முங்கிட்டு வந்து எங்க மேலயே ஒதறுனான், தாள் கஞ்சியாயிருச்சு. கண்டுபிடிச்சும் பேர் எழுத முடியல, எனக்கு இன்னும் ஆறல.

ஆக என் கணக்குல பப்பும் கேச்சும் விட்பி, நாய் கிராஸ்டர், ரெண்டுக்கு ஒண்ணு, நான்தான் ஜெயிக்கணும். வீட்டம்மா பக்கோடாவுக்கு ரெண்டு ஓட்டுன்னு சொல்லிட்டாங்க. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை கிராஸ்டர். சட்டப்படி வண்டி அவங்க, பைன்ட் எனக்கு, பென்சில் ரெண்டு இப்பவே பையில போட்டாச்சு.